கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

மெல்பர்ன், சிட்னி, பெர்த், பிரிஸ்பேன் என்று எந்த ஊரில் இருந்தாலும், பள்ளி விடுமுறை நெருங்கினால் நம்மவர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "வண்டியில் வைக்க எந்த ஃபிரிட்ஜ் வாங்கலாம்?" எங்கெல்லையும் டொமெட்டிக்கையும் ஒப்பிட்டு மணிக்கணக்கில் பேசுகிறோம். நாற்பது லிட்டர் போதுமா, அறுபது வேண்டுமா என்று வீட்டில் வாக்கெடுப்பே நடக்கிறது. இவ்வளவு யோசித்து, ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் கொடுத்து வாங்கிய பெட்டியை டிக்கியில் ஏற்றி, கூடவே வந்த ஒல்லி வயரைப் பின்பக்க லைட்டர் சாக்கெட்டில் சொருகிவிட்டுக் கிளம்புகிறோம். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை வரும் வயரைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அதைக் கேட்க வைப்பதற்காகத்தான் இந்த மடல். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: வண்டிக்குள் ஃபிரிட்ஜ் வைக்கிறவர் முதலில் செலவழிக்க வேண்டியது பேட்டரியிலிருந்து நேராக வரும், ஃப்யூஸ் போட்ட, தடிமனான ஒரு தனி வயருக்கு. இரண்டாவது பேட்டரி, சோலார் பலகை, லித்தியம் பெட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வயருக்காக இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். இந்த நாட்டின் தூரத்தையும் வெயிலையும் நினைத்துப் பாருங்கள். மரீ என்ற சிற்றூரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை போகும் மண் சாலை 517 கிலோமீட்டர். நடுவில் நின்று எதையாவது வாங்க வேண்டுமென்றால் முங்கெரானியை விட்டால் வேறு இடமில்லை. விலூனாவிலிருந்து ஹால்ஸ் க்ரீக் வரை செல்லும் கேனிங் ஸ்டாக் ரூட் சுமார் 1,850 கிலோமீட்டர் நீளம். ஊட்னடாட்டா என்ற ஊரில் 1960 ஜனவரி 2 அன்று பதிவான 50.7 டிகிரி வெப்பத்தை 2022 ஜனவரியில் ஆன்ஸ்லோ என்ற ஊர் மீண்டும் எட்டியது. இந்த நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி, கெடக்கூடிய பண்டத்தை 5 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டி நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்த இறைச்சியையும் மீனையும் வீசிவிட வேண்டியதுதான். நம் வீடுகளில் இன்னொரு பொருளும் ஃபிரிட்ஜில் பயணம் செய்கிறது: இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது. நீரிழிவு இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது என்ற நிலையில், பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகும் வண்டியில் ஃபிரிட்ஜ் நின்றுபோவதைச் சாப்பாட்டுக் கவலை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

ஃபிரிட்ஜ் நின்றுபோகும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மாலையில் முகாம் போட்டாயிற்று, எஞ்சினை அணைத்தாயிற்று. இரவு பத்து மணி வரை பெட்டி முனகிக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு எப்போதோ சத்தம் அடங்குகிறது. காலையில் மூடியைத் திறந்தால் இட்லி மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்திருக்கிறது. பால் பாட்டில் வியர்த்திருக்கிறது. முன்பலகையில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது. மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்தால் 12.2 வோல்ட் காட்டுகிறது. பேட்டரியில் பாதி சரக்கு இன்னும் இருக்கிறது, வண்டியும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. ஆக, குற்றம் ஃபிரிட்ஜின் தலையில் விழுகிறது. கடைக்குத் திருப்பி அனுப்புகிறோம். அவர்கள் மேசை மேல் வைத்துத் தடித்த வயரில் ஓட்டிப் பார்த்து, பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்று திருப்பித் தருகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு உயிராக இருக்கும் டான்ஃபோஸ் வகைக் கம்ப்ரசரின் மின்னணுப் பலகை, ஒரு விளக்கை ஒரே ஒரு முறை மினுக்கிக் காட்டினால், "எனக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ் போதவில்லை, அதனால் நிறுத்திக்கொண்டேன்" என்று பொருள். பேட்டரியில் இருக்கிறது, பெட்டிக்கு வந்து சேரவில்லை. இடையில் இருப்பது வயர் ஒன்றுதான்.

காவிரிப் படுகையில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணை நிறைந்திருக்கும், தலைமடையில் தண்ணீர் கரை புரளும், கடைமடை வயல் காய்ந்து கிடக்கும். வாய்க்கால் குறுகியும் தூர்ந்தும் போனால் அணையில் எவ்வளவு நீர் இருந்தும் பயனில்லை. வண்டியில் பேட்டரி அணை, ஃபிரிட்ஜ் கடைமடை, வயர்தான் வாய்க்கால். இதைக் கணக்காகவே போடலாம். பானட்டிலிருந்து டிக்கி வரை வளைந்து நெளிந்து வரும் வயர் ஏறத்தாழ 6 மீட்டர். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 12 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு வயரில் மீட்டருக்கு 0.0172 ஓம் தடை உண்டு. ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.69 வோல்ட் கரைந்துவிடும். சாக்கெட்டின் தளர்ந்த தொடுமுனையில் இன்னும் கொஞ்சம் போகும். அதே 5 ஆம்பியர் 8 சதுர மில்லிமீட்டர் வயரில் வந்தால் இழப்பு 0.13 வோல்ட் மட்டுமே. பாதி நிறைந்த பேட்டரி, சுமை ஏறும்போது 12.1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒல்லி வயரின் கடைசியில் 11.4 மிஞ்சும், தடித்த வயரின் கடைசியில் ஏறக்குறைய 12 மிஞ்சும். பரவலாக விற்கும் ஒரு வகைப் பெட்டியின் பேட்டரிப் பாதுகாப்பு, நடு நிலையில் வைத்தால் 11.4 வோல்ட்டில் மோட்டாரை நிறுத்துகிறது. ஒரே பேட்டரி, ஒரே பெட்டி, ஒரே இரவு. ஒரு வண்டியில் மாவு பொங்குகிறது, பக்கத்து வண்டியில் பொங்குவதில்லை.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கரண்ட் ஓடும்போதுதான் வயரில் வோல்ட்டேஜ் இறங்கும். மோட்டார் நின்ற மறு நொடியே இழப்பு இல்லாமல் போய், பெட்டியின் முனையில் மீண்டும் 12.2 தெரியும். உடனே பெட்டி "சரி, வந்துவிட்டது" என்று மோட்டாரைக் கிளப்பப் பார்க்கும்; கரண்ட் ஓடும், வோல்ட்டேஜ் சரியும், மறுபடி நிற்கும். இரவு முழுக்க இந்த ஏற்ற இறக்கம் நடந்தாலும், காலையில் நாம் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். போதாக்குறைக்கு, கம்ப்ரசர் தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, வோல்ட்டேஜ் குறையக் குறையக் கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் கூடினால் வயரில் இழப்பும் கூடும். ஒல்லி வயரின் குறை தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் என்பதை நாம் மனதில் வைக்க வேண்டும்.

இப்போது அந்த லைட்டர் சாக்கெட்டைப் பாருங்கள். பெயரே அதன் பிறப்பைச் சொல்கிறது. சிகரெட் பற்றவைக்கும் சுருளைச் சில நொடிகள் சூடாக்கி வெளியே தள்ளுவதற்காக உருவான குழி அது. உள்ளே போகும் பிளக்கின் நுனியில் ஒரு சிறு சுருள்வில் இருக்கிறது. அந்த வில்தான் பிளக்கை வெளியே தள்ளவும் பார்க்கிறது. பக்கவாட்டில் இரண்டு மெல்லிய தகட்டு நாக்குகள். பூட்டிப் பிடிக்க எதுவும் இல்லை. தகரக் கூரை போல வரிவரியாக அலை எழுந்த மண் சாலையில் நூறு கிலோமீட்டர் போனால், அந்தப் பிளக் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். நகர்ந்த இடத்தில் தொடர்பு குறையும், தொடர்பு குறைந்த இடம் சூடாகும், சூடான பிளாஸ்டிக் இளகும். பழைய பிளக் பலவற்றின் கழுத்து பழுப்பேறி நெளிந்திருப்பதற்குக் காரணம் இதுதான். இறுகப் பிடிக்கும் இணைப்புகள் சந்தையில் இருக்கின்றன: சாம்பல் நிற 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக், குறுகலான மெரிட் சாக்கெட், திருகி மாட்டும் எங்கெல் சாக்கெட். இவற்றில் எதைப் போட்டாலும் லைட்டர் சாக்கெட்டை விட மேல்.

வயர் வாங்கப் போகும் இடத்தில் நம்மவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உதிரிபாகக் கடையில் "6 மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள்" என்று எழுதிச் சுருள் சுருளாகத் தொங்கும். ஊரில் வீட்டுக்கு வயரிங் செய்த அனுபவம் உள்ளவர் அதை 6 சதுர மில்லிமீட்டர் என்றே படிப்பார். இங்கே அந்த 6, பிளாஸ்டிக் உறையையும் சேர்த்த மொத்த விட்டம். உள்ளே இருக்கும் செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். "4 மில்லிமீட்டர்" என்று விற்பதில் செம்பு இரண்டு சதுர மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே கடைக்காரரிடம் விட்டத்தைக் கேட்காதீர்கள், செம்பின் குறுக்குவெட்டைக் கேளுங்கள். அல்லது பி அண்ட் எஸ் என்ற அளவைக் கேளுங்கள்: 8 பி அண்ட் எஸ் என்றால் ஏறக்குறைய 8 சதுர மில்லிமீட்டர், 6 பி அண்ட் எஸ் என்றால் ஏறக்குறைய பதின்மூன்றரை. அந்த அளவில் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். ஒரே ஒரு ஃபிரிட்ஜுக்கு 8 தாராளம். நாளைக்கு டிக்கியில் ஒரு பேட்டரியும் வைக்கும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே 6 போடுவது இரண்டாம் முறை வண்டியின் உள் ஓரப் பலகைகளைக் கழற்றும் வேலையை மிச்சப்படுத்தும்.

தடித்த வயர் போடு என்று சொல்லிவிட்டு ஃப்யூஸைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது பெரும்பிழை. ஃபிரிட்ஜைக் காப்பாற்றத்தான் ஃப்யூஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். பேட்டரி அருகில் போடும் ஃப்யூஸ் காப்பது வயரை; வயரைக் காப்பதன் மூலம் வண்டியையும், அதற்குள் தூங்கும் பிள்ளைகளையும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி, ஷார்ட் சர்க்யூட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மை. அதனால் ஆபத்தில்லை என்பது பொய். உடம்புக்கு ஒன்றும் செய்யாத அதே 12 வோல்ட், உறை தேய்ந்து இரும்பைத் தொட்ட வயரைச் சில நொடிகளில் பழுக்கக் காய்ச்சிவிடும். ஆகவே ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். டிக்கியில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் மட்டும் ஃப்யூஸ் போட்டால், பேட்டரிக்கும் அந்த ஃப்யூஸுக்கும் இடையே உள்ள 6 மீட்டர் வயரைக் காக்க ஒன்றுமே இல்லை. எஞ்சின் வெப்பத்துக்கு அருகிலும், இரும்பு விளிம்புகளின் மேலும், இருக்கைகளுக்கு அடியிலும் ஓடுவது அந்த 6 மீட்டர்தான். 8 சதுர மில்லிமீட்டர் வயருக்குப் பேட்டரி அருகில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று, பின்னால் சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஒன்று என்று இரண்டு காவல் வைப்பது நல்ல வழக்கம். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரியதாக மாற்றுகிறவர், காவல்காரர் குரல் கொடுக்கிறார் என்பதற்காக அவரை வேலையை விட்டு அனுப்புகிறவர்.

போகும் வழிக்குக் காட்டும் அக்கறையைத் திரும்பும் வழிக்கும் காட்ட வேண்டும். பாசிட்டிவ் வயரை நன்றாக இழுத்துவிட்டு, நெகட்டிவை டிக்கியில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்க்ரூவில் கட்டிவிடும் வேலையை எத்தனையோ வண்டிகளில் காணலாம். அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் பெயிண்ட் இருக்கும், துரு இருக்கும். யூட் வண்டியின் பின்தொட்டி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு வயரையும் சேர்த்தே பின்னால் கொண்டுபோனால் இந்தச் சந்தேகம் எதுவும் வராது. ஆனால் ஒரு எச்சரிக்கை: புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். நம் வயரை நேராக முனையிலேயே மாட்டினால், ஃபிரிட்ஜ் குடிக்கும் கரண்ட் அந்த சென்சாரின் கணக்கில் வராது. வண்டியின் கம்ப்யூட்டர் பேட்டரியைத் தப்பாக எடைபோடும். அத்தகைய வண்டியில் சென்சாரைத் தாண்டி, வண்டியின் உடலில் கம்பெனி கொடுத்திருக்கும் எர்த் இடத்தில் மாட்ட வேண்டும்.

கைவேலையின் தரமும் இதோடு சேர்ந்ததுதான். வயரின் நுனியில் போடும் செம்பு லக்கை இடுக்கியால் நசுக்கினால் போதாது. அதற்கென்று உள்ள கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும். சால்டர் வைத்தால் இன்னும் உறுதி என்று தோன்றும். ஆனால் உருகிய ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கும். ஓயாமல் அதிரும் வண்டியில், விறைத்த இடம் முடிகிற எல்லையில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். எஞ்சினுக்கும் உட்பக்கத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். வயர் முழுதும் நெளிவுக் குழாய்க்குள் போக வேண்டும். புகைக்குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் ஒதுங்கிப் போக வேண்டும். ஏர்பேக்குக்கு உரிய மஞ்சள் இணைப்புகளின் பக்கம் போகவே கூடாது. இவை ஆடம்பரம் இல்லை. நகரத்துச் சாலையில் பத்து வருஷம் தாங்கும் இணைப்பு, வரி விழுந்த மண் சாலையில் பத்து நாளில் கழன்றுவிடும்.

இனி நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது: "எதற்கு இத்தனை பாடு? பேட்டரிப் பாதுகாப்பைக் கடைசிப் படிக்கு இறக்கிவிட்டால் ஃபிரிட்ஜ் நிற்காது." நிற்காதுதான். நான் முன்பு சொன்ன அதே வகைப் பெட்டியில் கடைசிப் படி 10.1 வோல்ட். ஆனால் அந்தப் பாதுகாப்பு இருப்பது ஃபிரிட்ஜுக்காக இல்லை. காலையில் எஞ்சினைக் கிளப்ப வேண்டிய பேட்டரிக்காக. பேட்டரி ஒன்று மட்டுமே உள்ள வண்டியில் அதைக் கடைசிப் படிக்கு இறக்குவது, நாளைக்கு ஸ்டார்ட் ஆக வேண்டிய வண்டியை இன்றைக்கே அடகு வைப்பது. உண்மையான சிக்கல் இதற்கும் அடியில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் பேட்டரியை நேராகப் பார்ப்பதில்லை. வயரின் கடைசி முனையில் தெரிவதைத்தான் பார்க்கிறது. ஒல்லி வயர் அதற்குப் பொய் சொல்கிறது. மேல்படியான 11.8-இல் வைத்தால், முக்கால் பங்கு நிறைந்த பேட்டரியைக்கூடக் காலி என்று நினைத்து நின்றுவிடும். கீழ்ப்படியில் வைத்தால், எல்லை தெரியாமல் உறிஞ்சும். தடித்த வயர் போட்ட பிறகுதான் அந்தப் படிகளுக்கே பொருள் வருகிறது. மேல்படியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டாவது: "வண்டிக் கம்பெனியே பின்னால் சாக்கெட் வைத்துத் தந்திருக்கிறதே, அவர்களுக்குத் தெரியாதா?" தெரியும், அதனால்தான் பல வண்டிகளில் அதன் மூடியிலேயே 12 வோல்ட், 120 வாட் என்று எழுதியிருக்கிறார்கள். ஃபோன், பம்பு, விளக்கு போன்றவற்றுக்கு அது போதும். பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் அது அணைந்தும் விடும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நாள் பயணத்துக்கு, அதாவது காலையில் கிளம்பி கிரேட் ஓஷன் ரோட்டைச் சுற்றிவிட்டு இரவு வீடு திரும்புகிறவருக்கு, அந்த சாக்கெட் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடும் எஞ்சின் 14 வோல்ட் அளவில் தரும்போது, முக்கால் வோல்ட் இழந்தாலும் குறை தெரியாது. எஞ்சின் நின்ற இரவில்தான் வயரின் குணம் தெரியும். உங்கள் பயணங்களில் அப்படி ஓர் இரவு இருந்தால், இந்த மடல் உங்களுக்கானது.

மூன்றாவது மறுப்பு இப்போது வலுத்து வருகிறது: "லித்தியம் பவர் பெட்டி ஒன்றை வாங்கி ஃபிரிட்ஜை அதில் மாட்டிவிட்டால் வண்டியில் துளையே போட வேண்டாமே." நல்ல ஏற்பாடுதான், வாடகை வண்டியில் போகிறவருக்கும், அலுவலகம் தந்த வண்டியில் கைவைக்க முடியாதவருக்கும் அதுவே வழி. ஆனால் அந்தப் பெட்டியும் எங்கிருந்தாவது நிரம்ப வேண்டும். ஓடும்போது 45 வாட் இழுக்கும் ஃபிரிட்ஜ், ஒரு நாளில் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஓடுகிறது என்று வைத்தால், நாளுக்கு 430 வாட்-மணி வேண்டும். வெயில் ஏற ஏற மோட்டார் ஓடும் நேரமும் ஏறும். லைட்டர் சாக்கெட் வழியாக 100 வாட் அளவில் நிரப்பினால், இதை ஈடுகட்டவே தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட வேண்டும். அழகான நீரோடைப் பக்கம் இரண்டு நாள் தங்கலாம் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். தடித்த வயர் வழியாக நிரப்பக்கூடிய பெட்டியானால் அந்த நேரம் பாதிக்கும் கீழே குறையும். மூடிய கண்ணாடிகளுக்குள் வெயிலில் நிற்கும் வண்டி லித்தியத்துக்கு ஏற்ற இடம் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். பவர் பெட்டி வயரின் தேவையை ஒழிப்பதில்லை. இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறது.

நான்காவது: "இரண்டாவது பேட்டரி போட்டுவிட்டேனே." மகிழ்ச்சி. எங்கே போட்டீர்கள்? பானட்டுக்குள் என்றால், ஃபிரிட்ஜுக்கு வரும் 6 மீட்டர் அப்படியே இருக்கிறது. டிக்கியில் என்றால் ஃபிரிட்ஜுக்கான வயர் ஒரு மீட்டராகச் சுருங்கிவிட்டது. ஆனால் முன்பு 5 ஆம்பியர் ஓடிய நீண்ட வழியில், இப்போது பேட்டரியை நிரப்பும் கரண்ட் ஓட வேண்டும். 25 ஆம்பியர் தரும் டிசி-டிசி சார்ஜர், உள்ளே இழுப்பது 30 ஆம்பியரையும் தாண்டும். அதற்கு 6 பி அண்ட் எஸ் வயரும் 40 ஆம்பியர் அளவு ஃப்யூஸும் வேண்டும். இந்த சார்ஜருக்கும் காரணம் இருக்கிறது. பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14 வோல்ட் அளவில் தந்தது, வோல்ட்டேஜ் 13.2-ஐத் தாண்டியதும் இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கும் எளிய ரிலே போதுமானதாக இருந்தது. இப்போது எரிபொருளை மிச்சப்படுத்த, பல வண்டிகளில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜை ஏற்றி இறக்குகிறது. பேட்டரி நிறைந்ததும் வோல்ட்டேஜ் 13-க்குக் கீழே போய்விடும், ரிலே பிரிந்துவிடும், பின்பேட்டரி பட்டினி கிடக்கும். குறைந்த வோல்ட்டேஜை வாங்கி உயர்த்தித் தருவதுதான் டிசி-டிசி சார்ஜரின் வேலை. அதுவும் பின்பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு வந்து சேரும் வாய்க்காலும் அகலமாக இருக்க வேண்டும்.

கடைசியாக, வாரண்டியும் செலவும். வாரண்டி போய்விடுமே என்று அஞ்சுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: தனி வயர் என்பது கம்பெனி வயர் எதையும் வெட்டாமல், ஒட்டாமல், பேட்டரியிலிருந்து புறப்பட்டுத் தன் வழியே போய் முடிகிற ஒன்று. ஆபத்தெல்லாம், பின்விளக்கு வயரையோ சாக்கெட்டின் வயரையோ நடுவில் கீறி ஃபிரிட்ஜுக்கு இழுக்கும் குறுக்குவழியில்தான். தனி வயரைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். செலவு என்று பார்த்தால், இந்த வயர், இரண்டு ஃப்யூஸ், நல்ல சாக்கெட் எல்லாம் சேர்ந்து ஃபிரிட்ஜின் விலையில் ஒரு சிறு பங்குதான். கை பழகாதவர் தாமே செய்ய வேண்டாம். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் "பின்னால் ஒரு சாக்கெட் போட்டுக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: செம்பு எத்தனை சதுர மில்லிமீட்டர்? ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து எவ்வளவு தூரத்தில்? நெகட்டிவ் எங்கே போய்ச் சேர்கிறது? நல்ல கைவினைஞர் இந்தக் கேள்விகளால் மகிழ்வார். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

என் வேண்டுகோள் ஒரு சிறு சோதனையில் முடிகிறது. இந்த வாரம் வீட்டு வாசலில், எஞ்சினை அணைத்து, ஃபிரிட்ஜை ஓடவிடுங்கள். சாதாரணத் தண்ணீர் பாட்டில்களை உள்ளே அடுக்கி, வெப்பநிலையைக் குறைத்து வைத்தால் மோட்டார் நிற்காமல் ஓடும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் ஒருமுறை, ஃபிரிட்ஜுக்குள் நுழையும் பிளக்கில் ஒருமுறை வோல்ட்டேஜை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் முன்பலகையே இரண்டாவது எண்ணைக் காட்டிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் உங்கள் வாய்க்கால் சுத்தம். அதைத் தாண்டி அரை, முக்கால் என்று போனால், சிம்ப்சன் பாலைவனத்தில் தெரியவேண்டியது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது என்று நிம்மதி கொள்ளுங்கள்; திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

அந்த எண்ணை நண்பர்களிடமும் சொல்லுங்கள். நம் கூட்டங்களில் புதிதாக வண்டி வாங்கியவர் வந்து எந்த ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று கேட்டால், பிராண்டைச் சொல்வதற்கு முன்னால் வயரைச் சொல்லுங்கள். பாட்டியின் இன்சுலினும் பேரனின் பாலும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன; அந்தப் பெட்டியோ பேட்டரியிலிருந்து ஆறு மீட்டர் தள்ளிக் கடைமடையில் இருக்கிறது. அதுவரை தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக பயணி